பர்ஸில் வாக்குத்தத்த அட்டை வைத்திருப்பவர்களுக்கு

ஆஸ்பத்திரி வராந்தாக்களில் காத்திருக்கும் அன்பான சகோதர சகோதரிகளுக்கு,

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் மணி பன்னிரண்டு அடித்ததும் கைகொடுத்து வாழ்த்திவிட்டு, வரிசையில் நின்று தட்டிலிருந்து எடுத்தீர்களே ஒரு வாக்குத்தத்த அட்டை, அது இப்போது உங்கள் பர்ஸில் இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையும் இருக்கும். என் பர்ஸிலும் நாலரை வருஷம் அந்த இரண்டு அட்டைகளும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. ஒன்றை டயாலிசிஸ் வார்டு கவுண்டரில் நீட்டுவேன். மற்றதை, உள்ளே மிஷின் ஓடுகிற நாலு மணி நேரத்தில், பெஞ்சில் உட்கார்ந்து எடுத்துப் பார்ப்பேன்.

நான் பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரருக்கு இருபது வருஷமாக சுகர். அது சத்தமில்லாமல் இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுகொண்டிருந்தது, கிரியாட்டினின் ஒன்பதைத் தொட்ட அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதன் பிறகு எங்கள் வாரத்துக்கு மூன்று நாள்தான்: செவ்வாய், வியாழன், சனி. மற்ற நாட்கள் அந்த மூன்று நாட்களுக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொள்ளும் இடைவெளிகள். இளநீர் கூடாது. வாழைப்பழம் கூடாது. காயை வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் கூட்டு வைக்க வேண்டும். தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்த மனுஷன், ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு மே மாதத்து மத்தியானங்களைக் கடத்தினார். உங்களில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அவர் இறந்த வருஷம் எனக்குக் கிடைத்த அட்டை எரேமியா 29:11. அந்த வசனம் எது என்று உங்களுக்குத் தெரியும். தேவன் நம்மைக் குறித்து வைத்திருக்கிறவை தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்று சொல்கிற வசனம். கல்யாணப் பத்திரிகையில், ஆட்டோ முதுகில், காலண்டரில், புது வீட்டுச் சுவரில் எல்லாம் பார்த்திருப்போம். அதை எடுத்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இந்த வருஷம் எழுந்துவிடுவார் என்று நம்பினேன். மார்ச் மாதம், லெந்து நாட்களில், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அவர் போய்விட்டார்.

அடக்க ஆராதனைக்கு வந்த ஒரு அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "டீச்சர், ஆண்டவருக்கு ஒரு திட்டம் இருக்கு" என்றார்கள். நல்ல மனசுள்ளவர்கள். எனக்காக உபவாசம் இருந்து ஜெபித்தவர்கள். ஆனாலும் அந்த நேரத்தில் அந்தச் சொல் என்னை அறைந்தது. திட்டமா? யாருடைய திட்டத்துக்கு என் வீட்டில் பெட்டி வைத்திருக்கிறது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் நான் வேதத்தைத் திறக்கவில்லை. திறந்தபோது எரேமியா 29-ஐத்தான் எடுத்தேன், கணக்குத் தீர்க்கிற கோபத்தோடு. நம் வீடுகளில் இருக்கிற பழைய திருப்புதல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பவர் ஐயர் தலைமையில் செய்யப்பட்டது. அதில் அந்த வசனத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், மனப்பாடமாகவே சொல்வேன். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது: அங்கே "திட்டம்" என்ற சொல்லே இல்லை. "நினைவுகள்" என்று இருக்கிறது.

பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் இந்த ஒரு சொல்லில் நான் கொஞ்சம் நேரம் நிற்பதை மன்னிப்பீர்கள். திட்டம் என்பது எஞ்சினியர் மேஜையில் விரித்து வைக்கிற தாள். அதில் சுவருக்கு ஒரு கோடு, வாசலுக்கு ஒரு கோடு. இடிக்க வேண்டியதை இடிக்கச் சொல்லி அதிலேயே குறித்திருக்கும். நினைவு வேறு. வெளியூரில் படிக்கிற பிள்ளை சாப்பிட்டிருக்குமா என்று ராத்திரி பத்து மணிக்குத் தாய்க்கு வருகிறதே, அது நினைவு. மூல எபிரெயச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு என்று எங்கள் ஐயர் பிறகு சொன்னார். நம் பெரியவர்கள் அந்த இரண்டில் நினைவைத் தேர்ந்துகொண்டார்கள். எனக்கு அவர்கள் மேல் பெரிய நன்றி. என் வீட்டுக்காரருடைய மரணத்துக்குக் கோடு போட்ட தாள் ஒன்று பரலோகத்தில் இருக்கிறது என்பதை என்னால் இன்றைக்கும் விழுங்க முடியவில்லை. அவர் மூச்சுத் திணறிய அந்த ராத்திரியில் தேவனுடைய நினைவில் இருந்தார் என்பதை நம்ப முடிகிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

இன்னொன்றும் பார்த்தேன். நம் வேதத்தில் தேவன் ஒரு ஆளோடு பேசினால் "நீ" என்றுதான் சொல்வார். ஆபிரகாமோடும் அப்படித்தான், மோசேயோடும் அப்படித்தான். இந்த வசனத்தில் "உங்கள்" என்று வருகிறது. மரியாதைப் பன்மை என்று நினைத்து நாம் ஒவ்வொருவரும் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறோம். அது உண்மையான பன்மை, ஒரு ஜனத்துக்கு எழுதினது.

அந்த ஜனம் யார்? கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து எகொனியா ராஜாவையும், ராஜமாதாவையும், தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனான். அவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பின மடல்தான் 29-ஆம் அதிகாரம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான். எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறான். ஜனங்களுக்கு யாரைப் பிடித்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? எனக்கும் அந்த நாட்களில் அனனியாவைத்தான் பிடித்திருக்கும். ஆனால் எரேமியாவின் மடல் எழுபது வருஷம் என்றது. அதை முப்பது வயதில் வாசித்தவன் ஊர் திரும்ப நூறு வயது ஆக வேண்டும். அந்த மடல் போய்ச் சேர்ந்த பெரியவர்களில் அநேகமாக எல்லாருமே பாபிலோன் மண்ணில்தான் அடக்கமாகியிருப்பார்கள். பத்தாம் வசனத்தில் எழுபது வருஷத்தைச் சொல்லிவிட்டுத்தான் பதினோராம் வசனம் வருகிறது. அட்டையில் பத்தாம் வசனத்துக்கு இடம் இல்லை.

அப்படியானால் அந்த எழுபது வருஷத்தில் அவர்கள் என்ன செய்ய வேண்டும்? மடலின் தொடக்கத்திலேயே அது இருக்கிறது. வீடு கட்டுங்கள், குடியிருங்கள். தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள். உங்களைச் சிறைபிடித்து வைத்திருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். என்றைக்கு விடுதலை என்று மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் குளியலறை ஞாபகம் வந்தது.

டயாலிசிஸ் தொடங்கி மூன்றாவது வருஷம். சேமிப்பு கரைந்துகொண்டிருந்த நேரம். திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர், படுக்கையறையோடு ஒட்டி ஒரு குளியலறை கட்டப்போகிறேன், கொல்லைப்புறம் வரை போகிற கஷ்டம் இனி வேண்டாம் என்றார். என் தம்பி கோபப்பட்டான். நானும்தான். "இந்த நேரத்துல எதுக்கு வீட்டு வேலை? உங்களுக்கு வேணும்னா ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுக்கலாமே" என்றேன். அவர் சிரித்தார். "எனக்கா? ஏட்டி, நீ இருக்கப்போற வீடுல்லா இது. உன் முழங்காலுக்குத்தான் கட்டுதேன்" என்றார். வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து களைத்து வந்து படுத்தால், வெள்ளிக்கிழமை காலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கொத்தனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வழுக்காத தரை ஓடு வேண்டுமென்று கடை கடையாக ஏறி இறங்கினார். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைத்தார், என் உயரத்துக்கு அளந்து.

தான் அதிக நாள் பயன்படுத்தப் போவதில்லை என்று தெரிந்து ஒருவர் கட்டுகிற சுவரை நான் விசுவாசம் என்று சொல்வேன். எரேமியாவே அப்படி ஒன்று செய்தார். எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றுகையிட்டிருந்தபோது, காவல் முற்றத்தில் கைதியாக இருந்துகொண்டு, தன் சொந்த ஊரான ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்கினார். பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளைக் கையெழுத்துப் போடவைத்து, பத்திரம் கெடாமல் இருக்க அதை மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலில் ஒருநாள் நின்றவர்களுக்குக்கூட அந்த அதிகாரம் நன்றாகப் புரியும். அந்த நிலத்தில் அவர் விதைக்கவில்லை. கடைசியில் அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆகையால் நம்பிக்கை என்றால் சுகமாகிவிடும் என்று அடித்துச் சொல்வதுதான் என்று உங்களிடம் யாராவது சொன்னால், தயவுசெய்து அவர்களுக்கு முன்னால் குன்றிப்போகாதீர்கள். எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒருவர் வந்தார். எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டு, குடும்பத்தில் அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இருக்கிறது என்று சொல்லிப் போனார். அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் தூங்கவே இல்லை. வாலிபத்தில் செய்த சின்னச் சின்னத் தப்புகளையெல்லாம் இருட்டில் எனக்கு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். வலியில் கிடக்கிற மனுஷன் மேல் அப்படி ஒரு பாரத்தை ஏற்றிவிட்டுப் போவது அக்கிரமம்.

அதைவிடப் பெரிய கொடுமையை அந்த பெஞ்சிலேயே பார்த்தேன். எங்களோடு வந்துகொண்டிருந்த ஒரு பையன், ஏதோ கூட்டத்துக்குப் போய், சுகமாகிவிட்டது என்று யாரோ சொன்னதை நம்பி, டயாலிசிஸுக்கு வருவதை நிறுத்திவிட்டான். இரண்டாவது வாரம் முகமும் காலும் வீங்கி, மூச்சுவிட முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்துக்கொண்டான், தேவனுக்கு ஸ்தோத்திரம். மருந்தையும் மிஷினையும் விடச் சொல்கிற எந்த ஜெபத்துக்கும் ஆமென் சொல்லாதீர்கள். பவுல், தீமோத்தேயுவின் அடிக்கடி வருகிற பலவீனத்துக்கு வைத்தியம்தான் சொன்னார், விசுவாசம் போதவில்லை என்று கடிந்துகொள்ளவில்லை.

நம் மாவட்டத்திலேயே நடந்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். டோனாவூர் ஆமி கார்மைக்கேல் அம்மையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அயர்லாந்தில் பிறந்து, கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தவர்கள். 1931 அக்டோபரில் களக்காட்டில் மருத்துவ வேலைக்காக ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது, மங்கின வெளிச்சத்தில் ஒரு குழிக்குள் விழுந்துவிட்டார்கள். காலெலும்பு முறிந்தது, முதுகில் அடி. சில வாரங்களில் எழுந்துவிடுவார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 1951 ஜனவரியில் இறக்கும்வரை, பத்தொன்பது வருஷத்துக்கு மேல், பெரும்பாலும் அந்த ஒரு அறைதான். அங்கே கிடந்துகொண்டு 1933-இல் 'ரோஸ் ஃப்ரம் ப்ரையர்' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். நோயாளிகளுக்காக எழுதப்படுகிறவை எல்லாம் சுகமாக இருக்கிறவர்கள் எழுதுகிறவையாக இருக்கின்றன, அவை படுக்கையை வந்து எட்டுவதில்லை என்பதுதான் அம்மையின் மனக்குறை. அதனால் நோயாளியாக இருந்து நோயாளிகளுக்கு எழுதினார்கள். நான் இந்த மடலை எழுதத் துணிந்ததற்கும் அதுவே காரணம்.

வேலூர் டாக்டர் மேரி வர்கீஸையும் சொல்ல வேண்டும். 1954-இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. டாக்டர் பால் பிராண்ட் ஊக்கப்படுத்த, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். அவர் முயற்சியில் 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது. 1972-இல் பத்மஸ்ரீ.

இப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும்போது எனக்கு ஒரு சங்கடம் உண்டு. மையம் வருவதற்காகத்தான் விபத்து நடந்தது, புத்தகம் வருவதற்காகத்தான் குழி வெட்டப்பட்டது என்று கணக்கைச் சுலபமாக முடித்துவிடுகிறோம். அப்படியானால் புத்தகமும் மையமும் வராத வலி என்னவாகும்? 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடித்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் குண்டுவெடிப்பில் செத்தார்கள். அந்தத் தாய்மாரிடம் போய் எந்தக் கணக்கைக் காட்டுவோம்? அந்த வெறிச்செயலைத் தேவனுடைய திட்டம் என்று சொல்ல என் நாக்கு எழும்பாது. மனுஷர் செய்த பாவம் அது. டாக்டர் மேரி வர்கீஸ் உடைந்த உடம்போடு எழும்பினது தேவ கிருபை. அதற்காக அந்த விபத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இல்லை. உங்கள் வலியிலிருந்து ஒன்றும் விளையாமலே போகலாம். அப்போதும் நீங்கள் அவர் நினைவுக்கு வெளியே போய்விடவில்லை. எபிரெயர் நிருபத்தின் 11-ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் அவர்களில் ஒருவரும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையவில்லை என்று முடிக்கிறது. அதைச் சொல்ல வேதம் வெட்கப்படவில்லை.

யோபுவின் கதையில் பரலோகத்தில் நடந்த பேச்சு நமக்குத் தெரியும். யோபுவுக்கு அது கடைசிவரை சொல்லப்படவே இல்லை. தேவன் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார், வரையாடு குட்டிபோடும் காலத்தைப் பற்றியும் தீக்குருவியைப் பற்றியும் கேட்கிறார், ஏன் உனக்கு இது நடந்தது என்று மட்டும் சொல்வதில்லை. ஆனாலும் முடிவில், காரணம் காரணமாக விளக்கம் சொன்ன மூன்று சிநேகிதர்மேல் கோபப்பட்டு, பிறந்த நாளையே சபித்த யோபுதான் தன்னைக் குறித்துச் சரியாகப் பேசினான் என்கிறார். அந்தச் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அது அவர்கள் செய்த நல்ல காரியம்.

அதனால் ஆண்டவரிடம் கேட்கத் தோன்றுவதைக் கேளுங்கள். அழ வேண்டுமென்றால் அழுங்கள். 88-ஆம் சங்கீதத்தை ஒருநாள் வாசித்துப் பாருங்கள். மற்றச் சங்கீதங்களைப் போல அது கடைசியில் துதியாகத் திரும்பாது, இருளிலேயே முடிந்துவிடும். அதையும் ஆலயத்தில் பாட வைத்தார்கள். சிலுவையில் நம் ஆண்டவர் பிதாவிடம் கேட்டதும் ஒரு "ஏன்"தான். அந்த "ஏன்" கேட்கிறவர்களை விசுவாசமில்லாதவர்கள் என்று தள்ள எந்தச் சபைக்கும் உரிமை இல்லை. ஐயர்மாருக்கும் வீட்டு ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கும் என் தாழ்மையான விண்ணப்பம் ஒன்று உண்டு. வாருங்கள், ஜெபியுங்கள், ஒரு கீர்த்தனை பாடுங்கள். விளக்கம் மட்டும் வேண்டாம். "தேவனுக்கு ஒரு திட்டம் இருக்கு" என்பதைப் பாடு அனுபவிக்கிறவர் என்றைக்காவது தன் வாயால் சொல்வார், அல்லது சொல்லாமலே இருப்பார். அவருக்காக நாம் அதைச் சொல்லக் கூடாது.

அடக்க ஆராதனையில் என் கைகளைப் பிடித்துக்கொண்ட அந்த அம்மாவிடம் போன மாதம் இதையெல்லாம் சொன்னேன். அவர்கள் அழுதுவிட்டார்கள். அவர்களும் பத்தொன்பது வயது மகன் ஒருவனை இழந்தவர்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், தனக்கு அன்றைக்குச் சொல்லப்பட்டதையே எனக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

எரேமியா 29:11 அட்டை இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. ஓரம் எல்லாம் மடங்கிவிட்டது. அதன் பின்பக்கத்தில் பேனாவால் 4-இலிருந்து 10 வரை என்று எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் அட்டையிலும் அதே வசனம் இருந்தால், இன்றைக்கு ராத்திரி அந்த மடலை முதலிலிருந்து வாசியுங்கள். இந்த எழுபது வருஷத்துக்குள் நீங்கள் நட வேண்டிய செடி எது, கட்ட வேண்டிய சுவர் எது என்று பாருங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஒரு பிளாஸ்க் காபி போதும்.

நான் இப்போதும் செவ்வாய்க்கிழமைகளில் அந்த வார்டுக்குப் போகிறேன். காலை ஏழு மணி முதல் பதினொன்று வரை, உள்ளே போகும் கதவுக்கு இடது பக்கப் பெஞ்சில் இருப்பேன். பக்கத்தில் இடம் இருக்கும். வந்து உட்காருங்கள். ஒன்றும் பேச வேண்டாம்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
ஓய்வு பெற்ற ஒரு டீச்சர்